கேள்வி–பதில்: ஈரலில் ஒரு கட்டி

இந்த முறை சினிமாக் கேள்விகளையும் அரசியல் கேள்விகளையும் ஓரம் வைத்துவிட்டேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து வந்த கடிதங்களில் ஈரல் புற்றுநோயைப் பற்றியவை அத்தனை இருந்தன. அவற்றுக்கு மட்டுமே இந்தப் பக்கங்கள்.

ஈரல்ல புத்து வந்தா முதல்ல எங்க வலிக்கும்?
*— கூடப்பாக்கம் வாசகர்*

எங்கும் வலிக்காது. ஈரலின் உட்சதைக்கு வலி தெரியாது. மேலே போர்த்தியிருக்கும் உறைக்குத்தான் தெரியும். கட்டி வளர்ந்து அந்த உறையை இழுக்கும்போதுதான் வலது விலாவுக்குக் கீழே பாரமாக ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். அதற்குள் கட்டி பெரும்பாலும் சின்னதாக இருக்காது. வலிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருப்பது கதிர் முற்றியபின் களை பறிக்கப் போவதுபோல.

அப்படின்னா எதை நம்பி டாக்டர்கிட்ட போறது?
*— கணுவாப்பேட்டை வாசகர்*

உடம்பு சொல்வதை நம்பாமல் காலண்டரை நம்புங்கள். ஈரல் சுருக்கம் இருப்பவர்களும், மஞ்சள் காமாலை பி வைரஸ் உடம்பில் தங்கியிருப்பதாகச் சொல்லி மருத்துவர் கண்காணிப்பில் வைத்திருப்பவர்களும், 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் எழுதித் தருவார்கள். 6 மாதம் என்பது ஏதோ வாய்க்கு வந்த கணக்கு அல்ல. கட்டி வளரும் வேகத்தைப் பார்த்து, குணப்படுத்தக்கூடிய அளவைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று வைத்த கணக்கு. பொங்கலுக்கு ஒன்று, ஆடி மாதத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

நம்ம ஊர்ல சாராயக்கடைய அரசாங்கமே ஏலம் விடுது. லைசென்ஸ் கடை சரக்கு ஈரலைக் கெடுக்காதுதானே?
*— கரையாம்புத்தூர் வாசகர்*

கெடுக்கும். கள்ளச்சாராயத்தில் கலக்கிற மெத்தனால் ஒரே இரவில் கண்ணையும் உயிரையும் பறிக்கும். லைசென்ஸ் கடை அந்த ஒரு ஆபத்திலிருந்துதான் காப்பாற்றுகிறது. மற்றபடி சாராயம், பிராந்தி, பீர் எல்லாவற்றிலும் இருப்பது ஒரே எத்தனால். ஈரலுக்கு அது எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெரியாது. ஆல்கஹால் பானங்கள் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988லேயே முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ஈரல் சுருங்க ஆரம்பித்த பிறகு நிறுத்தினாலும் பலன் உண்டு. “இனிமே நிறுத்தி என்ன ஆகப்போகுது” என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். குடியை நிறுத்தியதால் ஈரல் தேறி, முன்பு தாங்காது என்று சொல்லப்பட்ட சிகிச்சையைப் பிறகு தாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

நான் குடிச்சதே இல்ல. சர்க்கரை மட்டும் 12 வருஷமா இருக்கு. ஸ்கேன்ல “ஃபேட்டி லிவர்”னு எழுதியிருக்காங்க. எனக்கும் பயம் வேணுமா?
*— தொண்டமாநத்தம் வாசகி*

பயம் வேண்டாம் அம்மா, அக்கறை வேண்டும். ஈரலில் கொழுப்பு படிவது, அது புண்ணாவது, புண் தழும்பாவது, தழும்பு சுருக்கமாவது என்று படிப்படியாகப் போகும் நோய் இது. பெரும்பாலானவர்களுக்கு முதல் படியிலேயே நின்றுவிடும். சர்க்கரை, தொப்பை இரண்டும் சேர்ந்திருப்பவர்களுக்கு மேலே ஏறும் வாய்ப்பு அதிகம். ஈரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்பதை ஃபைப்ரோஸ்கேன் என்ற கருவி வலியில்லாமல் அளந்து சொல்லிவிடும். அடுத்த முறை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் ஈரல் கொழுப்போடு தழும்பும் குறையக்கூடும். உங்கள் எடை 70 கிலோ என்றால் குறைக்க வேண்டியது 5 முதல் 7 கிலோ. ஒரே மாதத்தில் அல்ல, ஓர் ஆண்டில்.

ஆட்டு ஈரல் சாப்பிட்டா நம்ம ஈரல் பலப்படுமா?
*— உறுவையாறு வாசகர்*

படாது. வயிற்றுக்குள் போனபின் அது ஈரல் அல்ல, புரதமும் இரும்புச் சத்தும். ஆட்டு மூளை சாப்பிட்டுக் கணக்கில் நூறு வாங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

காபி?
*— அதே வாசகர், அதே கடிதம்*

காபிக்கு நல்ல பெயர்தான். தொடர்ந்து காபி குடிப்பவர்களிடம் ஈரல் புற்றுநோய் குறைவாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரையைக் குறைத்துக் குடியுங்கள்.

காமாலைக்கு எங்க வீட்டுல மூணு தலைமுறையா கீழாநெல்லிதான். அதுவே ஈரல் புத்தையும் தடுக்கும்னு சொல்றாங்களே, உண்மையா?
*— சேலியமேடு வாசகி*

உங்கள் கேள்வியை உலகமே ஒரு காலத்தில் கேட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1960களில் பரூக் புளும்பெர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் ரத்தத்தில் புதிதாக ஒரு புரதத்தைக் கண்டார். அதுதான் மஞ்சள் காமாலை பி வைரஸின் மேலுறை. அந்தக் கண்டுபிடிப்புக்காக 1976இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த வைரஸ் பல ஆண்டுகள் ஈரலில் குடியிருந்தால் புற்றுநோய் வரும் என்பதும் பின்னால் உறுதியானது. அதே புளும்பெர்க் நம் கீழாநெல்லியின் பக்கம் திரும்பினார். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 1988இல் ‘லான்செட்’ இதழில் புளும்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முடிவு வந்தது: பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸ் அடையாளம் மறைந்திருந்தது, மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது. நம் வேலியோரச் செடி உலகப் பேச்சானது.

பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் அதே இனச் செடிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பலன் திரும்ப வரவில்லை. மண் வேறு, செடியின் வகை வேறு என்று காரணங்கள் பேசப்பட்டன. ஆனால் எங்கே யார் கொடுத்தாலும் வேலை செய்தால்தான் அது மருந்து. கீழாநெல்லி இன்றுவரை அந்தத் தேர்வில் தேறவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தச் செடியைக் கிள்ளி மோரில் அரைத்துக் கொடுத்த கையால் வளர்ந்தவன் நான்.

உங்கள் வீட்டில் மூன்று தலைமுறை பிழைத்ததற்கும் காரணம் உண்டு. தண்ணீராலும் உணவாலும் வரும் ஏ வகைக் காமாலை, எதுவும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். பி வகை எல்லோரிடமும் அப்படிப் போகாது. சிலருக்குக் கண் வெளுத்துவிடும், வைரஸ் உள்ளேயே இருக்கும். ஆகவே காமாலை வந்துபோன யாராக இருந்தாலும் பி, சி இரண்டுக்கும் ஒரு முறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கியது; அது புளும்பெர்க்கின் பிறந்தநாள். அதன்படி பரிசோதனையும் மருந்தும் இலவசம். சி வகைக்கு 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்குமேல் வைரஸ் அடியோடு போகிறது. பி வகையை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சூடு போடுவது, கண்ணில் சாறு விடுவது இரண்டையும் மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மருமகள் 5 மாசம். ரத்தத்துல “பி பாசிட்டிவ்”னு வந்திருக்கு. ரத்த வகை இல்லையாம், மஞ்சகாமாலையாம். வீட்டுல ஒரே அழுகை.
*— குருவிநத்தம் வாசகி*

அழுகையை நிறுத்திவிட்டு, நலவழி மையத்தில் பிரசவ அட்டையில் அதைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். மீதித் தவணைகள் வழக்கமான அட்டவணையிலேயே வரும். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் அவருக்கும் மாத்திரை தருவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். மகனுக்கும் உங்களுக்கும் பரிசோதனை செய்து, வைரஸ் இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மருமகளின் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்காதீர்கள். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது.

இந்தத் தடுப்பூசியைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. ஒரு புற்றுநோயைத் தடுக்கும் ஊசியாக முதன்முதலில் நின்றது இதுதான். தைவானில் 1984இல் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். அந்தத் தலைமுறை வளர வளர அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் பாதிக்கும் கீழே இறங்கியது. உங்கள் வீட்டுக் குழந்தைக்கு அது முதல் நாளிலேயே கிடைக்கப்போகிறது.

பூசணம் பிடிச்ச மல்லாட்டையை வறுத்துட்டா சரியாயிடுமா?
*— மணப்பட்டு வாசகர்*

ஆகாது. பூஞ்சை செத்துவிடும், அது விட்டுப்போன அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முழுதாக அழியாது. ஈரல் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு காரணம். பி வைரஸும் சேர்ந்தால் இன்னும் மோசம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 100 பேருக்குமேல் செத்தார்கள், அது இதே நஞ்சு. மல்லாட்டையை ஈரம் போகக் காயவைத்து மூட்டை கட்டுங்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதுவானாலும் எறியுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வரும்.

அம்மாவுக்குக் குடல்ல புத்து. இப்ப ஈரலுக்கு வந்துடுச்சாம். அப்ப இது ஈரல் புத்துதானே?
*— திருக்காஞ்சி வாசகர்*

இல்லை. வீடு மாறினாலும் ஆள் அதே ஆள். குடலிலிருந்து ஈரலுக்குப் போன புற்றுக்குக் குடல் புற்றுநோய்க்கான மருந்துதான். ஈரலிலேயே பிறந்த புற்றுக்குச் சொல்லும் வைத்தியத்தை அம்மாவுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். குடலிலிருந்து வந்த கட்டிகள் சிலவற்றை வெட்டி எடுத்தே குணப்படுத்த முடிகிறது. அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

ஊசி குத்தி சதை எடுத்தா புத்து பரவிடும்னு பயமுறுத்துறாங்க.
*— கிருமாம்பாக்கம் வாசகர்*

மற்றப் பல புற்றுநோய்களில் அது வீண்பயம். ஈரல் புற்றில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது: நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஊசி போன தடத்தில் கட்டி முளைத்திருக்கிறது. அதனாலேயே, ஈரல் சுருக்கம் உள்ளவருக்குச் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி தன் அடையாளத்தைக் காட்டிவிட்டால் ஊசியே தேவையில்லை. படம் குழப்பினால் ஊசி தேவை, அப்போது மறுக்காதீர்கள். எது என்று தெரியாமல் மருந்து கொடுப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

எங்க தெருவுல ரெண்டு பேருக்கு இதே நோய். ஒருத்தருக்கு ஆபரேஷன். எங்க அப்பாவுக்கு மட்டும் “தொடையில ஒயர் விட்டு மருந்து அடைக்கிறோம்”னாங்க. ஏன் இந்த ஓரவஞ்சனை?
*— பாகூர் வாசகர்*

ஓரவஞ்சனை இல்லை. இந்த நோயில் மருத்துவர் ஒரே படுக்கையில் இரண்டு நோயாளிகளைப் பார்க்கிறார்: கட்டி ஒன்று, அதைச் சுமக்கும் ஈரல் ஒன்று. நல்ல ஈரலாக இருந்தால் பெரும்பங்கை வெட்டி எடுத்தாலும் மீதி வளர்ந்துகொள்ளும். சுருங்கிய ஈரலில் கொஞ்சம் வெட்டினாலும் மிச்சம் வேலைநிறுத்தம் செய்துவிடும். அதனால் கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக் குழாய்க்குள் நுழைந்ததா என்பவற்றோடு, மஞ்சள் அளவு, அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், நினைவுத் தடுமாற்றம் எல்லாவற்றையும் சேர்த்து மார்க் போடுவார்கள். 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சின்னக் கட்டியானால் வெளியிலிருந்து ஊசி செலுத்தி, சூட்டால் சுட்டே அழித்துவிடலாம்.

உங்கள் அப்பாவுக்குச் சொன்ன சிகிச்சையை நீங்கள் ஏரிக்காரர் என்பதால் எளிதாக விளக்கலாம். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவருகிறது அல்லவா? ஈரலுக்கும் அப்படி ஒரு பெரிய வாய்க்கால் இருக்கிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை. முக்கால் பங்கு ரத்தம் அதில்தான் வருகிறது. பக்கத்தில் தமனி என்ற சின்ன வாய்க்கால் மீதிக் கால் பங்கைக் கொண்டுவருகிறது. கட்டி என்ன செய்கிறது என்றால், பெரிய வாய்க்காலை விட்டுவிட்டுச் சின்ன வாய்க்காலில் மட்டும் மடை வெட்டி உறிஞ்சுகிறது. ஆகவே அந்தச் சின்ன வாய்க்காலில், கட்டிக்குப் போகும் மடைவரை ஒயரைச் செலுத்தி, புற்றுமருந்தை இறக்கி மடையை அடைத்துவிடுகிறார்கள். கட்டி பட்டினி கிடக்கும். மற்ற ஈரல் பெரிய வாய்க்காலில் பிழைத்துக்கொள்ளும். இதற்கு டேஸ் என்று பெயர்.

இப்போது ஒரு நுட்பம். பெரிய வாய்க்காலையே கட்டி அடைத்திருந்தால்? அப்போது சின்னதையும் மூடினால் வயல் முழுக்கக் காய்ந்துவிடும். “அந்தச் சிகிச்சை உங்களுக்கு ஒத்துவராது” என்று சிலரைத் திருப்பி அனுப்புவதற்கு முக்கியமான காரணம் இதுதான். “போர்ட்டல் சிரை திறந்திருக்கிறதா?” என்று அப்பாவின் மருத்துவரைக் கேளுங்கள். சிகிச்சைக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் வயிற்று வலியும் வருவது சகஜம். ஆனால் மஞ்சள் ஏறினாலோ நினைவு தடுமாறினாலோ உடனே கூட்டிப்போங்கள்.

ஈரல் மாத்தினா முழுசா குணமாகுமா? மகள் தர்றேன்னு நிக்கிறா. எனக்குத்தான் மனசு வரல.
*— மங்கலம் வாசகர்*

சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் மாற்றினால், கட்டியும் போகும், சுருங்கிய ஈரலும் போகும். அந்தச் “சரியான ஆள்” யார் என்பதை 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வரையறுத்தார்கள்: ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்றுவரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள், ரத்தக் குழாய்க்குள் நுழையக் கூடாது. அப்படித் தேர்ந்த 48 பேரில், 4 ஆண்டு கழித்து 75 சதவீதத்தினர் உயிரோடிருந்தனர். அதுவரை இந்த நோய்க்கு ஈரல் மாற்றுவது வீண் என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

இந்தியாவில் ஈரல் மாற்று வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தை நம் பக்கத்துக் காஞ்சிபுரத்துக்காரன். 1998 நவம்பரில், 20 மாதக் குழந்தையாக இருந்தபோது டெல்லியில் தகப்பனார் தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுத்தார். அவனுக்குப் பித்தக் குழாய் நோய், புற்று அல்ல. அந்தக் குழந்தை இன்று டாக்டர்.

மகள் கொடுக்கலாமா என்பது உங்கள் இருவர் விருப்பத்தோடு முடிவதில்லை. அவர் ஈரலின் அளவு, கொழுப்பு, குழாய்களின் அமைப்பு எல்லாம் பார்த்து, அனுமதிக் குழு தனியே அவரிடம் பேசி, யாரும் வற்புறுத்தவில்லை என்று உறுதி செய்த பிறகே நடக்கும். அவர் கொடுக்கும் பங்கு சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஆனாலும் அது பெரிய அறுவை, ஆபத்தே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் ஈரல் மாற்று நடக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் ஈரலுக்குப் பதிந்து வைப்பதும் ஒரு வழி. உங்களுக்கு மனசு வராதது தகப்பன் மனசு. அதை மகளிடமே சொல்லுங்கள், டாக்டர் வழியாகச் சொல்லாதீர்கள்.

மாத்திரையிலயே அடக்கலாம்னாங்க. விலையைக் கேட்டா தலை சுத்துது.
*— சோரியாங்குப்பம் வாசகர்*

சோராஃபெனிப் என்றால், ஒரு காலத்தில் இதைவிடப் பலமாகச் சுற்றியிருக்கும். பேயர் நிறுவனம் அதை ஒரு மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் “நாங்கள் மலிவாகச் செய்கிறோம், அனுமதி கொடுங்கள்” என்று கேட்டது. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன், இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தைக் கொடுத்தார். 120 மாத்திரையின் விலை 8,900 ரூபாய்க்குள் வந்தது. பேயர் மேல்முறையீடு செய்தது. அதை விசாரித்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் சென்னையில்தான் இருந்தது. தலைவர் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன். 2013 மார்ச்சில் உரிமம் செல்லும் என்றார். பேயருக்குத் தர வேண்டிய பங்கை மட்டும் 6 சதவீதத்திலிருந்து 7 ஆக்கினார். நோயாளிக்கு மருந்து எட்டுகிற விலையில் கிடைக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் மொழியில் நிலைநாட்டிய தீர்ப்பு அது. நம் ஊர் மருந்துக்கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் அந்த வழக்கு இருக்கிறது.

மாத்திரை கட்டியைக் கரைத்து ஒழிக்காது, வேகத்தைக் குறைத்து நாளைக் கூட்டும். உள்ளங்கை, உள்ளங்கால் உரிவது, பேதி, ரத்த அழுத்தம் மூன்றையும் முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டால் அளவைக் குறைத்துச் சமாளிக்கலாம். பலர் சொல்லாமல் மருந்தையே நிறுத்திவிடுகிறார்கள். 2020இல் வந்த ஆய்வில், அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசிகளும் சேர்ந்து சோராஃபெனிப்பைவிட ஆயுளைக் கூட்டின: அதன் பிந்தைய கணக்கில், நடுவளவில் 13.4 மாதம் 19.2 மாதமானது. அவற்றின் விலை இன்னும் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரம்தான். போடுவதற்குமுன் எண்டோஸ்கோப்பி அவசியம். உணவுக்குழாயில் வீங்கிய ரத்தக் குழாய் இருந்தால் ரத்தம் கசியலாம். ஆயுஷ்மான் பாரத் அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதைப் படுக்கைக்குப் போகுமுன் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோ வாங்கிக் கொடுக்கலாமா?
*— அரங்கனூர் வாசகி*

கூடாது. சுருங்கிய ஈரல் உள்ளவருக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும், ரத்த வாந்தியும் வரலாம். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் பாதுகாப்பானது. அதற்கும் மேலே வலித்தால் மார்ஃபின் இருக்கிறது. அது சாவுக்கான மருந்து அல்ல, தூங்குவதற்கும் சாப்பிடுவதற்குமான மருந்து. வலிநிவாரணப் பிரிவு எங்கே என்று ஜிப்மர் புற்றுநோய் மையத்தில் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

டாக்டர் எங்களைத் தனியா கூப்பிட்டு இனி செய்ய ஒண்ணும் இல்லைன்னுட்டார். அப்பாகிட்ட “வாயு”ன்னு சொல்லி வச்சிருக்கோம். சொல்லிடலாமா?
*— சேதராப்பட்டு வாசகர்*

எங்கள் வீட்டிலும் பெரியப்பாவிடம் வாயு என்றுதான் சொன்னோம். இரண்டு மாதம் அவரும் வாயுதான் என்று தலையாட்டினார். ஒரு நாள் சாயங்காலம் என்னை மட்டும் உட்காரவைத்து, நிலத்துப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, பெரியம்மாவுக்கு எந்த வேளை என்ன மாத்திரை என்று சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் தெரிந்துதான் இருந்தது அவருக்கு. எங்களுக்காக வாயு என்று நடித்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு மாதத்தை அவரோடு நேராகப் பேசிக் கழித்திருக்கலாமே என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். “டாக்டர் சொன்னதை நான் சொல்லட்டுமாப்பா, இல்ல நீங்களே கேட்டுக்கிறீங்களா?” என்று மட்டும் கேளுங்கள். வேண்டாம் என்றால் அதுவும் அவர் பதில்தான், மதியுங்கள். சொல்லு என்றால் சொல்லுங்கள். சொன்னபிறகு எழுந்து போய்விடாதீர்கள்.